திரும்பும் திகதி

பெப்ரவரி 5, திங்கள்

இன்றைக்கு வேலைக்குப் போனேன். அரசாங்கக் கச்சேரியில் ஆவண அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி எனக்கு மேசை கிடையாது என்று நினைத்திருந்தேன். கிடைத்துவிட்டது. கோயில் பங்கு மனைக்குப் பக்கத்து அறை. முன்பு சவவண்டி நின்ற இடம். பங்குக் குரு யூஜின் சுவாமி வண்டியை வேப்பமரத்துக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு மேசையும் நாலு கதிரையும் போட்டிருக்கிறார். சம்பளம் இல்லை. தேத்தண்ணி உண்டு.

சுவாமி நல்ல மனுசன். ஆனால் பைல் வைக்கத் தெரியாத மனுசன். எட்டுச் சவர்க்காரப் பெட்டி நிறைய முறைப்பாடுகள். பிள்ளைகளை வீட்டிலிருந்தும் சந்தியிலிருந்தும் யாரோ கூட்டிக்கொண்டு போய், அதற்குப் பிறகு பிள்ளைகள் திரும்பி வராத வீடுகள் எல்லாம் இந்த அறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனவை. எழுதுகிறவர் நமசிவாயம் மாஸ்டர். எழுபதைத் தாண்டியவர், முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு பைலின் முகப்பிலும் பிள்ளையின் பெயர், தாயின் பெயர், விலாசம். போதாக்குறைக்குச் சிவப்புப் பேனையால் அடிக்கோடு வேறு. கதவு திறந்திருந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் வாசிக்கலாம். 

"சுவாமி, இது பைல் இல்லை. வீட்டுக்கு வழி காட்டுற பலகை," என்று சொன்னேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகனிடமிருந்து இன்றும் கடிதம் இல்லை. கொழும்பில் வேலை கிடைத்த பெடியன்களுக்குத் தாய்க்கு நாலு வரி எழுத நேரம் இருக்காது.

பெப்ரவரி 7, புதன்

முறை இதுதான் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். முறைப்பாடு வந்த திகதிப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். பைலின் முகப்பில் இலக்கம் மட்டும். உள்ளே தாளிலும் பெயர் வரும் இடங்களை வெட்டிவிட்டு இலக்கம். பெயரும் விலாசமும் தனியே ஒரு சின்ன அட்டையில், பைலுக்கு ஓர் அட்டை. அட்டைகள் ஓரிடத்தில், பைல்கள் வேறோர் இடத்தில். பைலை மட்டும் பிடித்தவனுக்கு ஆள் தெரியாது. அட்டையை மட்டும் பிடித்தவனுக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

இன்னொன்று, வெளிச்சீட்டு. பெட்டியிலிருந்து ஒரு பைலை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு நீளச் சீட்டை நிறுத்த வேண்டும். பைல் இலக்கம், எடுத்தவர், கையெழுத்து, எடுத்த திகதி, திரும்பும் திகதி. கச்சேரியில் மாவட்டத்து அரசாங்க அதிபரே எனக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் பைல் எடுத்தவர். படிவத்தில் வெறுமையாக விட்ட இடம் எதுவானாலும் கோடு போட்டு மூட வேண்டும், பின்னால் ஒருவரும் அதில் எதையும் நுழைக்காதபடிக்கு. மேலதிகாரிகள் மாறினார்கள், அரசாங்கம் மாறியது, இந்தக் கோட்டை மட்டும் நான் மாற்றவில்லை.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. சுவாமி ஒரு பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போகப் பார்த்தார். சீட்டை நீட்டினேன். பூசை வைக்கிற கையால் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கனநாளுக்குப் பிறகு.

பெப்ரவரி 9, வெள்ளி

கழுதைகள் வாசலில். இந்த ஊரில் மனுசருக்கு ஊரடங்கு உண்டு, கழுதைக்கு இல்லை. ஒன்று உள்ளே தலையை நீட்டி, நூல்கட்டைக் கடித்து இழுத்தது. விளக்குமாற்றால் ஒன்று போட்டேன்.

மகனை ஏழு வயதில் கழுதை கடித்தது. முழங்கைக்கு மேலே, வலது கை. வாலைப் பிடித்து இழுத்தால் அது முத்தமா கொடுக்கும். சந்தியில் உள்ளவர்கள் இன்றைக்கும் அவனைக் 'கழுதை கடிச்சான்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு அந்தப் பெயர் சொன்னால் கோபம் வராது. தழும்பைக் காட்டிப் பெருமை அடிப்பான்.

இன்று 52 வரை. அட்டைக்குப் பழைய கலண்டர் மட்டைகளை வெட்டினேன். விரலில் கொப்புளம்.

பெப்ரவரி 13, செவ்வாய்

86 வரை நான் செய்தேன். தலையிடி என்று சொல்லிவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். மாஸ்டர் அடுத்த பைலைத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார். இலக்கம் போட்டு, பெயர்களை வெட்டி, அட்டை எழுதி, நூல் கோத்துக் கட்டினார். நடுவில் ஒரு தரம் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை, கழுதை கடிச்ச தழும்பு எண்டு கிடக்கு. அது இருந்தா ஊருக்கே ஆளை விளங்கும். எடுத்துவிடட்டோ?"

எடுங்கோ என்றேன். பழைய கடித் தழும்பு என்று மட்டும் எழுதுங்கோ என்றேன். அந்தத் தாளை அவர் புதிதாகப் பிரதிபண்ணி, பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டார். எல்லாப் பைலிலும் இப்படித்தான் செய்கிறோம்.

88இலிருந்து மறுபடி நான்.

பெப்ரவரி 16, வெள்ளி

முடிந்தது. நூற்று நாற்பத்தாறு. பைல்கள் ஆறு பெட்டியில் வரிசையாக, முதுகில் இலக்கம் மட்டும். அட்டைகள் வெறும் பால்மாத் தகர ரின்னில், சுவாமியின் அறையில் மெழுகுதிரிப் பெட்டிக்குப் பின்னால். இப்போது யார் உள்ளே வந்து பார்த்தாலும் இலக்கத்தைத்தான் பார்க்கலாம்.

வேலை செய்த திருப்தியில் வீட்டுக்கு வந்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். பழக்கதோசம், இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 19, திங்கள்

பங்கு மனை வீதியால் ஒரு ஜீப் இரண்டு தரம் போனது. மெதுவாக.

பெப்ரவரி 20, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.  எழுதினால் மனம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

காலை பத்து மணி. சுவாமி ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். நானும் மாஸ்டரும்தான். மூன்று பேர் வாசலில் நின்றார்கள், ஒருவர் மட்டும் உள்ளே வந்தார். எந்தப் பக்கத்து ஆள் என்று இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், நன்றாக வாரிய தலை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம்.

தமிழ் நன்றாகப் பேசினார், பாடப்புத்தகத்தில் படித்த தமிழ். பெட்டிகளைச் சுற்றி வந்து விரலால் முதுகுகளைத் தடவிக்கொண்டே போனார். ஒழுங்காக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். எங்கே படித்தது என்று கேட்டார். கச்சேரியில் என்றேன். தானும் ஒரு காலத்தில் அரசாங்கக் கந்தோரில் பைல் கட்டியவன்தான் என்றார்.

"அப்படியென்றால் அட்டை இருக்கும் அம்மா. அட்டை இல்லாமல் இந்த இலக்கங்களை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

தொழில் தெரிந்தவனிடம் அகப்படுவதைப்போல வேறு கெட்டகாலம் இல்லை. அட்டை ஒன்றும் இல்லை ஐயா என்றேன். அவர் நம்பியதாகவும் காட்டவில்லை, நம்பாததாகவும் காட்டவில்லை. பெட்டியைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பைலை இழுத்தார்.

87.

நின்றபடியே வாசித்தார். இரண்டு பக்கம். சைக்கிள் திருத்தப் போனவன், மணிக்கூட்டுச் சந்தி, பின்னேரம் நாலரை, உடுத்தியிருந்தது நீலக்கட்டம் போட்ட சாரம். எனக்கு ஒவ்வொரு வரியும் அவர் கண் போகிற வேகத்தில் தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் அடையாளங்கள் இருக்கும் இடத்தில் நின்றார். சின்னதாகச் சிரித்தார்.

"கழுதை கடித்ததா?" என்றார், தனக்குள் சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்து, "இது யாருடைய பிள்ளை அம்மா?"

தெரியாது ஐயா என்றேன். மறுபடி கேட்டார். நான் இலக்கம் மட்டும்தான் பாக்கிறனான், ஆக்களைத் தெரியாது என்றேன். என் குரல்தான் அது. நன்றாக, நடுங்காமல் வந்தது.

பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். அடுத்த திங்கள் வருவேன், அட்டைகளைத் தேடி வையுங்கள் என்றார். அப்போது நான் செய்ததை நினைத்தால் எனக்கே விளங்கவில்லை. முப்பது வருடப் பழக்கம் என் காலை எழுப்பி அவருக்குப் பின்னால் கொண்டுபோனது. வெளிச்சீட்டை நீட்டினேன்.

"ஐயா, பைல் எடுத்தா கையெழுத்து வைக்கோணும்."

மாஸ்டரின் கதிரை கிறீச்சிட்டது. வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அந்த மனுசன் சீட்டைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, என் பேனையை வாங்கி, கதவுநிலையில் சீட்டை வைத்து எழுதினார். 87. எடுத்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர். கையெழுத்து. இன்றைய திகதி. கந்தோர்க் கை அது, என் காலைப்போல அதுவும் பழக்கத்தில் தானாகப் போனது என்று நினைக்கிறேன். திரும்பும் திகதி என்ற இடத்தைக் காட்டினேன். "பிறகு பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

சீட்டைக் கொண்டுவந்து 86க்கும் 88க்கும் நடுவில் நிறுத்தினேன். வழக்கப்படி அந்த வெறும் இடத்துக்குக் கோடு போட்டிருக்க வேண்டும். போடாமல் பேனையை மூடிவிட்டேன்.

சுவாமி வந்ததும் மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். சுவாமி என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார், எந்தப் பைல் அக்கா என்று. ஏதோ ஒன்று, நான் இலக்கத்தைக் கவனிக்கவில்லை என்றேன். மூன்றாம் தரமும் மறுதலித்தாயிற்று. சேவல் கூவுகிறதா என்று பார்க்க எனக்கு நேரமில்லை, அடுப்பில் பால் இருந்தது.

பெப்ரவரி 21, புதன்

விடியக்காலையில் முகம் கழுவும்போது விளங்கியது. கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டேன்.

அந்தத் தாளில் கழுதை என்று இல்லை. பழைய கடித் தழும்பு என்று மட்டும்தான் இருக்கிறது. மாஸ்டர் என் கண்முன்னால் எழுதியது. பிறகு அந்த மனுசனுக்குக் கழுதை எங்கிருந்து வந்தது?

ஊர் முழுக்கக் கழுதைதானே, ஊகித்திருப்பார் என்று ஒரு மனம். நாய் என்றல்லவா எவனும் முதலில் ஊகிப்பான் என்று இன்னொரு மனம். தழும்பைக் கண்டிருந்தால் மட்டும் தெரியாது, கடித்தது எது என்று தழும்புக்காரன் தன் வாயால் சொல்லியும் இருக்க வேண்டும். சொல்லிப் பெருமை அடித்திருக்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்துக்குள்ளே இன்னொன்றும் இருக்கிறது, அதற்குப் பயத்தைவிடப் பயப்படுகிறேன்.

சரி. வேலை. மூன்று பேரும் இருந்து கதைத்தோம். அட்டைகள் அகப்பட்டால் நூற்று நாற்பத்தாறு வீட்டு வாசலிலும் அந்த ஜீப் நிற்கும். சொன்னதை வாபஸ் வாங்கு என்பார்கள், அல்லது வீட்டில் மிச்சமிருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எரித்துவிடுவோம் என்றார் சுவாமி. எரித்தால் இத்தனை பேரும் வெறும் இலக்கமாகப் போய்விடுவார்கள், பிறகு எந்தத் தாய் வந்து எது என் பிள்ளை என்று கேட்டாலும் எடுத்துக் கொடுக்க முடியாது என்றேன். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது. அட்டைகளை மனத்தில் பாடமாக்குவது.

 மாஸ்டருக்கு ஞாபகம் தேய்கிறது, சுவாமியை முதலில் பிடிப்பார்கள். நான் பாடமாக்குகிறேன் என்று சொன்னேன்.

பெப்ரவரி 23, வெள்ளி

செபமாலையில் கோத்துவிட்டேன். பத்து மணி கொண்ட காரணிக்கம் பதினைந்தும் சொன்னால் நூற்றைம்பது அருள்நிறை மந்திரம். என்னிடம் நூற்று நாற்பத்தாறு பெயர். ஒரு மணிக்கு ஓர் இலக்கம், ஒரு பெயர், ஒரு தாய், ஒரு வீடு. கடைசியில் நாலு மணி மிச்சம். மாதா கோபிக்கமாட்டா. அவவும் பிள்ளையைப் பறிகொடுத்தவதானே.

காலையில் முற்றம் கூட்டும்போது ஒரு சுற்று. மீன் வெட்டும்போது ஒரு சுற்று. மாஸ்டர் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டார். 41இல் தடுக்கினேன், 112இல் வீட்டைப் பிழையாகச் சொன்னேன். 86 சொல்லி நேரே 88 சொன்னேன். மாஸ்டர் அதைத் திருத்தவில்லை. அந்த அட்டையை மட்டும் அடியில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

அந்தப் பைல்தான் போய்விட்டதே, இல்லாத பைலுக்குப் பெயர் எதற்கு.

பெப்ரவரி 24, சனி

மூன்று தரம் பிழையில்லாமல் சொன்ன பிறகு எரித்தோம். பங்கு மனைக் குசினியில். கலண்டர் மட்டை இலேசில் பிடிக்காது, மண்ணெண்ணெய் விட வேண்டி இருந்தது. சாம்பலைச் சுவாமி ஒரு கிண்ணத்தில் வாரி எடுத்தார். எங்கே கொட்டினார் என்று கேட்கவில்லை.

இப்போது என் தலைதான் பால்மா ரின். வீதியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கிறேன். காய்ச்சல் வந்தால் பிதற்றிவிடுவேனோ என்று பயம். விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவினேன்.

பெப்ரவரி 26, திங்கள்

சொன்னபடி வந்தார். செருப்பைக் கழற்றினார். சுவாமி முன்னால் நின்று, அட்டை என்று ஒன்று இங்கே இல்லை என்றார். அவர் சுவாமியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"ஐயா, எண்பத்தேழு இன்னும் திரும்பி வரேல்லை," என்றேன்.

 வேறொன்றும் வாயில் வரவில்லை. அவர் கொஞ்சம் தலையைச் சரித்து, முதல் தடவையாக என்னை ஆளாகப் பார்த்தார். முகத்தில் எதையோ தேடினார். மூக்கையா, நெற்றியையா தெரியாது. மகன் என்னை உரித்து வைத்தவன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குனிந்து பைல் நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன்.

பிறகு மாஸ்டரைப் பார்த்து, முறைப்பாடுகளை எழுதியவர் நீங்கள்தானே, பெயர்கள் உங்களுக்குத் தெரியும், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். மாஸ்டர் எழும்பி, பேனையை மூடி, சேட்டுப் பையில் குத்திக்கொண்டு போனார். வாசலில் திரும்பி, "தேத்தண்ணியை மூடி வையுங்கோ பிள்ளை," என்றார்.

பெப்ரவரி 27, செவ்வாய்

மாஸ்டர் வரவில்லை. அவர் மனைவி எங்கள் வாசலில் இருக்கிறா.  

பெப்ரவரி 28, புதன்

விபூதிப் புதன். கோயில் நிறைந்த சனம். சுவாமி ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டார். நீ மண்ணாக இருக்கிறாய் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். இந்த வருடச் சாம்பல் வழக்கத்தைவிடக் கறுப்பு. குருத்தோலை மட்டும் எரித்தால் இப்படிக் கறுக்காது. எனக்கு முன்னால் 12இன் தாய், 63இன் தாய், பின்னால் 140இன் தாய். நான் ஒருவரையும் தெரிந்ததாகக் காட்டவில்லை.

மாஸ்டர் வரவில்லை.

மார்ச் 2, வெள்ளி

வந்துவிட்டார். காலை ஆறு மணிக்குச் சந்தியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். கண்ணாடி இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். வலது கை வீங்கியிருந்தது. சுவாமி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் யாரிடம் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம்.

பெயர் கேட்டார்களாம். விடாமல் கேட்டார்களாம். அவரும் விடாமல் சொன்னாராம். ஐம்பத்தெட்டாம் ஆண்டு தான் படிப்பித்த ஆறாம் வகுப்பு வரவு இடாப்பு, நாற்பது பெயர், அகரவரிசையில். பாதிப்பேர் கனடாவில், மிச்சப்பேர் மோட்சத்தில். மறுபடி கேட்டபோது மறுபடி அதையே சொன்னாராம், பிசகாமல்.

கண்ணாடி இல்லாத கண்ணை என் பக்கம் திருப்பி, மெல்லச் சொன்னார்.

"எண்பத்தேழையும் கேட்டவை. தாய் ஆரெண்டு. நான் சொல்லேல்லை பிள்ளை."

இலக்கத்தை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள், கஞ்சியைக் குடியுங்கோ என்றேன்.

மார்ச் 5, திங்கள்

இப்படியான முறைப்பாடுகளைச் சேர்க்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் கொழும்பிலிருந்து வருகிறாவாம், வியாழக்கிழமை. நிவாரணச் சாமானுடன் வருகிற வாகனம், கொடி பறக்கும், சோதனைச் சாவடியில் திறந்து பார்க்கமாட்டார்கள். பைல் முழுவதையும் அதில் ஏற்றிவிடலாம் என்றார் சுவாமி. பெயர்களை நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள். இங்கே ஒன்றும் மிஞ்சாது.

மூன்று நாள். இந்த மூன்று நாளுக்குள் அந்த மனுசன் வந்தால்? இன்று பின்னேரம் 29ஐ மறந்தேன். பெயரும் இல்லை, தாயும் இல்லை, ஒன்றுமே இல்லை.  எனக்குள் ஒரு பிள்ளை செத்ததுபோல இருந்தது. வெங்காயம் உரிக்கும்போது தானாக வந்தது, தெரு, வீடு, தாய் ........

பெயர் எழுதிவிட்டேன். இந்தத் தாளைக் கிழிக்க வேண்டும்.

மார்ச் 6, செவ்வாய்

கிழிக்கவில்லை. பெயரை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்து விழுங்கிவிட்டேன். இந்த வயதில் கடுதாசி தின்கிறேன், கழுதையைப் போல.

மார்ச் 8, வியாழன்

வெயில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு வந்தார்கள். வெள்ளைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், மூக்கில் வெயில் சுட்டுத் தோல் உரிந்திருந்தது. அவவுக்குத் தமிழ் சொல்ல தர்சினி என்று கொழும்புப் பிள்ளை ஒன்று. சுவாமி வாசலில் நின்றார். மாஸ்டர் சுவரோரக் கதிரையில். நான் என் மேசைக்குப் பின்னால். எனக்கு முன்னால் உள்ள கதிரை தாய்மார் வந்து இருந்து சொல்கிற கதிரை. அதில் தர்சினி இருந்தாள், கொப்பியை விரித்து.

செபமாலையைக் கையில் எடுத்தேன். ஒன்று. பெயர், தாய், வீடு. அந்தப் பிள்ளை எழுதி முடிக்கும் மட்டும் மணியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு. மூன்று. 29 வந்தது. 41 வந்தது. வாகனக்காரன் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தான். எண்பத்தாறு சொன்னேன். எண்பத்தெட்டு சொன்னேன்.

"அன்ரி, எண்பத்தேழு விடுபட்டுப் போச்சு," என்றாள்.

பைல் வெளியே போயிருக்கிறது என்று சொல்லி, பெட்டியிலிருந்து வெளிச்சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாசித்து இங்கிலீசில் சொல்ல, வெள்ளைக்காரப் பெண் சீட்டை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. கனநேரம் பார்த்தா. பிறகு ஏதோ சொன்னா. தர்சினி என்னிடம் சொன்னாள், இத்தனை மாதமாக ஊர் ஊராகப் போகிறார்களாம், ஆயிரக்கணக்கில் முறைப்பாடு வாங்கியிருக்கிறார்களாம். எடுத்தவர் என்று ஒருவர் தன் கையால் கையெழுத்து வைத்த கடுதாசியை இன்றைக்குத்தான் காண்கிறார்களாம்.

"பைலுக்குத்தான் அன்ரி கையெழுத்து. எண்டாலும் இது முக்கியம். ஆனா பைல் இல்லாமல் இந்தச் சீட்டு மட்டும் போதாது. ஆர் முறைப்பாடு தந்ததோ அவை திரும்ப ஒருக்கா சொல்லோணும். ஆர் தந்தது?"

தாய் என்றேன்.

"தாய் எங்கை இருக்கிறா? கூட்டிவரேலுமோ?"

சுவாமி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் கண்ணாடி இல்லாத கண்ணால் நிலத்தைப் பார்த்தார். டிசம்பர் மாதம் இதே மேசையில், இந்தப் பக்கம் மாஸ்டர் இருந்து எழுத, அந்தப் பக்கம் இருந்து அழாமல் சொன்னது யார் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும். என்னை வேலைக்குக் கூப்பிட்டதே அதனால்தான். ஒரு மாதமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் திறக்கட்டும் என்று.

எழும்பினேன். மேசையைச் சுற்றிப் போய், தர்சினியை எழும்பச் சொல்லி, என் கதிரையில் இருத்தினேன். தாய்மார் இருக்கிற கதிரையில் நான் இருந்தேன். அந்தக் கதிரையின் ஒரு கால் கட்டை. இத்தனை நாளும் அந்தக் கதிரையில் ஆடிக்கொண்டு இருந்து சொன்ன ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை, டிசம்பரில் நானும்தான்.

"நான்தான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள், சந்தி, நாலரை மணி, சாரம். கழுதையையும் சொன்னேன், தாளில் இல்லாத கழுதை அந்த மனுசன் வாயில் வந்ததையும் சொன்னேன். மகன் ஏதோ ஓர் அறையில் இருந்து, தன் தழும்பைக் காட்டி, அந்த மனுசனுக்குக் கதை சொல்லியிருக்கிறான். அது இரண்டு மாதத்துக்கு முன்பாக இருக்கலாம். போன கிழமையாகவும் இருக்கலாம். தெரியாது என்று அந்த மனுசனிடம் இரண்டு தரம் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுதேன். தர்சினி எழுதுவதை நிறுத்தவில்லை, நல்ல பிள்ளை.

முடிந்ததும், விடுபட்டது ஏதும் உண்டா என்று சீட்டைச் சரிபார்த்தாள். இலக்கம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கையெழுத்து, எடுத்த திகதி. திரும்பும் திகதி வெறுமை. கந்தோர் பழகின பிள்ளை, பேனையை எடுத்துக் கோடு போடப் போனாள். எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

"வெறுமையா விட்டா ஆரும் பிறகு ஏதும் எழுதிப்போடுவினம் அன்ரி," என்றாள்.

மிச்சப் பெயர்களையும் நூற்று நாற்பத்தாறு வரை சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டரைக்கு வாகனம் போனது. சாவடியைத் தாண்டிவிட்டதாகப் ஒன்றரைக்குச் சைக்கிளில் ஒருவர் வந்து சொன்னார். அறையில் இப்போது இரண்டு மேசை, நாலு கதிரை. நாளைக்கு அந்த மனுசன் வரலாம். வரட்டும், நானும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்.

மகன் கொழும்பில் என்று இந்தக் கொப்பியில் எழுதியது பொய். யாரும் எடுத்து வாசித்தால் என்று பயந்து எழுதினேன், பிறகு நானே வாசிப்பதற்காக எழுதினேன். 87. யூட் அமலதாஸ், வயது இருபத்திரண்டு. தாய் பிலோமினா, மாதா கோவிலடி, பச்சைப் படலை வீடு. இந்தப் பெயரை நான் வெட்டமாட்டேன்.

கோடு போட வந்த பிள்ளைக்குச் சொன்ன பதிலை எழுத மறந்துவிட்டேன். எழுதட்டும் என்று சொன்னேன்.